உள்ளே சரிந்த ஜன்னல்

கல்யாணமான புதிதில், சுசீந்திரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைக் கரையான் அரித்துவிட்டது. "அண்ணன்ட்ட சொன்னா நல்ல ஆசாரிய அனுப்புவாரு" என்றாள் மனைவி. அவள் அண்ணன் மார்த்தாண்டத்தில் மரக்கடை வைத்திருந்தார். எனக்கோ வீம்பு. புது ஜன்னலை நானே பொருத்தினேன்.

முதல் மழையிலேயே தண்ணீர் வீட்டுக்குள் வழிந்தது. வெளிப்பக்கம் சரிய வேண்டிய அடிக்கட்டையை உள்பக்கம் சரிய வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணனே வண்டியில் வந்து இறங்கினார்.

"ஏட்டி, எந்த மடையன் வச்ச ஜன்னலு இது?"

நான் வாய் திறக்குமுன், ஜன்னலடியில் நிரம்பிய குடத்தை நகர்த்திக்கொண்டே அவள் சொன்னாள்: "நாந்தான் அண்ணே இப்பிடி வைக்கச் சொன்னேன். மழை பெய்தா கிணத்துக்குப் போவாண்டாம்லா?"

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் ஆசாரி வந்து கட்டையைத் திருப்பி வைத்தார்.

அவள் குழம்பில் ஒருநாள் உப்பு கூடினால், "நான்தான் போடச் சொன்னேன்" என்று விருந்தாளிகளிடம் சொல்லக் காத்திருக்கிறேன். பாவி மகள், இன்றுவரை கை தப்பவில்லை.