பச்சைப் பொட்டு வைத்த எட்டுக் குமிழ்கள்

என் மேசைமேல் ஓர் அலுமினிய டிபன் டப்பா இருக்கிறது. மூடியில் எட்டுக் குமிழ்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை நகப்பூச்சில் ஒரு பொட்டு. அக்கா வைத்தது. எங்கள் வீடிருந்த மர்பி டவுனிலிருந்து தினமும் கம்பெனி பஸ் பிடித்து டெலிபோன் ஆலைக்குப் போய், ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் வேலை செய்தவள் அவள். சோதித்து முடித்த உருப்படிக்குப் பச்சைப் பொட்டு வைப்பது அங்கத்துப் பழக்கம்.

கணினியில் இசையமைத்த எனக்கு அப்போது மவுஸைக் கண்டாலே எரிச்சல். ஒலியைத் திரை அம்பால் குத்தவா முடியும்? குழாயைத் திறப்பதுபோலக் கையால் திறக்க வேண்டாமா? கணினியோடு இணைத்துத் திருக ஒரு குமிழ்ப் பெட்டி இல்லையே என்று புலம்பினேன். "செஞ்சிட்டா போச்சு, பொலம்பாத" என்றாள் அக்கா. எஸ்.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் ரேடியோவுக்குப் போடும் வால்யூம் கன்ட்ரோல்களை அவளே பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் டப்பா மூடியில் பொருத்தி, மீட்டர் வைத்து, "இந்தப் பக்கம் சைபர், அந்தப் பக்கம் ஃபுல்லு. பாஸ்!" என்று பொட்டு வைத்தாள். நடுவில் என்ன நடக்கிறதென்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஒரு நாடகக் குழு ஒத்திகைக்கு அழைத்திருந்தது. தூரத்து மழையை மெல்ல மெல்ல மேடைக்குக் கொண்டுவர வேண்டும். பிடித்துப்போனால் வேலை எனக்கு. குமிழைத் திருப்பினேன். மழை வரவில்லை. பாதி தாண்டியும் வரவில்லை. முக்கால் தாண்டியதும் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மறுபடி திருப்பினேன், மறுபடியும் அதே.

"மழையாப்பா இது? லாரில ஜல்லி கொட்ற மாதிரி கீது" என்றார் இயக்குநர். சிரித்தார்கள். பின்வரிசையில், லீவு போட்டுவிட்டு, பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துக் கத்தினேன்: "இன்னாக்கா பண்ணி வச்சிருக்க? டெலிபோன்னு நெனச்சியா?" வேலை வேறொருவருக்குப் போனது. அக்கா தன் சால்டரிங் அயர்னைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். எனக்காக அதை மறுபடி எடுக்கவே இல்லை.

பிறகுதான் எனக்கு விளங்கியது. ரேடியோக் குமிழ் முதலில் தயங்கும், கடைசியில் பாயும். காதுக்கென்று அப்படிச் செய்திருக்கிறார்கள்; காதுக்கான அந்தக் கணக்கைக் கணினியில் என் நிரல் ஏற்கெனவே போட்டிருந்ததால் தயக்கமும் பாய்ச்சலும் இரட்டித்துவிட்டன. கணினிக்கு வேண்டியதோ ஒரே சீராக ஏறும் குமிழ். குமிழை மாற்றக்கூட வேண்டாம், என் நிரலில் பத்து வரி சேர்த்திருந்தால் சரியாகியிருக்கும். பத்தே வரி! எத்தனை வருடமாக இதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்து வரியை எழுதினேன். மழை, வர வேண்டியபடி, அடியெடுத்து அடியெடுத்து வந்தது. வீட்டுக்கு வந்திருந்த அக்காவைக் கூப்பிட்டேன். "இத ஒரு தடவ திருப்பிப் பாரேன்க்கா."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குமிழைப் பிடித்தாள். விறுக்கென்று ஒரு முனை, விறுக்கென்று மறுமுனை.

"அன்னிக்கே பாஸ் பண்ண பீசுதானடா இது" என்று எழுந்து போனாள். நடுவில் மெல்ல வரும் மழையை அவள் கேட்கவே இல்லை.