அப்பா அழுத்திப் பார்க்காத ஷூ

ஜூன் பிறந்தால் புது ரப்பரும் பாலிஷும் கலந்த வாடை அப்பாவின் சட்டையிலிருந்து எங்கள் ஒற்றை அறை முழுக்கப் பரவும். கும்மிடிப்பூண்டி பஜாரில் அவர் வேலை பார்த்த செருப்புக் கடைக்குப் பள்ளி திறக்கும் அந்த நாட்கள்தான் "சீசன்". மதியச் சாப்பாடு கொண்டுபோகும் நான் அவர் பிள்ளைகளுக்கு ஷூ மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எதையும் எண்ணும் பழக்கம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. முன்பக்கம் ஒரு முறை, பக்கவாட்டில் இரண்டு முறை கட்டைவிரலால் அழுத்துவார். எட்டு அடி நடக்கச் சொல்வார். பொருந்தாவிட்டால், "இது வேணாம்மா, அடுத்த வாரம் பெரிய நம்பர் வரும், அப்ப வா" என்று அனுப்பிவிடுவார். மாதச் சம்பளக்காரர் என்பதால் அப்படி அனுப்புவதில் அவருக்கு நஷ்டமில்லை.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடையில், சுற்றிலும் கம்பெனிகள் முளைக்கின்றன என்று முதலாளி கடையைப் பெரிதாக்கினார். டியூப் லைட் வந்தது, ஆளுயரக் கண்ணாடி வந்தது, கூடுதலாக இரண்டு ஆட்கள் வந்தார்கள். சம்பளம் பாதியாகி, மீதிப் பாதி, விற்கும் ஜோடிக்கு இவ்வளவு என்று "ஜோடிக் காசு" ஆனது.

"கஸ்டமரு வெறுங்கையோட போனா, நீயும் வெறுங்கையோட போ நைனா" என்றார் முதலாளி. புது ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "எத்தினி ஜோடி?" என்றாகிவிட்டது.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் தெரு கிரேஸ் அக்கா தன் மகள் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். எஸ்தர் என் வகுப்பு. அவளுக்கு வேண்டிய மூன்றாம் நம்பர் தீர்ந்திருந்தது. அப்பா எடுத்த பெட்டியில் இரண்டு என்று இருந்ததை நான் பார்த்தேன்.

"இன்னாண்ணே, புள்ள விரல மடக்கிக்கினு நிக்குதே, செட்டாவுமா?"

அப்பா அழுத்திப் பார்க்கவில்லை. நடக்கச் சொல்லவுமில்லை. "போடப் போட லூசாயிடும்மா" என்று பெட்டியை மூடினார்.

எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கு என் காலால் ஆயிரத்து இருநூற்றுப் பத்து அடி. முதல் நாள் எஸ்தர் வழியில் இரண்டு இடங்களில் நின்றாள். நான்காம் நாள் ஒன்பது இடங்களில். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்கு ஒரு ஜோடி குறையும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இரண்டாவது வாரம் கிரேஸ் அக்கா மகளை எங்கள் வாசலில் உட்காரவைத்து, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பெருவிரல் நகம் கறுத்து, துணியோடு வந்தது.

"பள்ளிக்கூடம் போவாம இருக்க நடிக்கிறான்னு டெய்லி அடிச்சேண்ணே. செட்டாவும்னு நீங்களே சொல்ட்டீங்க, அப்புறம் இவ பேச்ச இன்னாத்துக்குக் கேக்கறதுன்னு."

அப்பா அந்தக் காலை நோக்கிக் கையை நீட்டினார். எஸ்தர் காலை இழுத்துக்கொண்டாள்.

அந்த ஜூனில் கடையில் அதுவரை காணாத வியாபாரம். முதலாளி அப்பாவைத்தான் மெச்சினார். அப்பா வேலையை விடவில்லை. விடும் நிலையில் நாங்களும் இல்லை. கிரேஸ் அக்கா பொன்னேரிக்குப் போய் வாங்கத் தொடங்கினாள், பின்னாலேயே எங்கள் தெருவும்.

கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை. போன வாரம் நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்க ஹைவேயில் புதிதாக வந்த ஷோரூமுக்குப் போனேன். ஆறு கேமராக்கள் இருந்தன, வேலை செய்பவர்கள் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. சரியாக இருக்கிறதா என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். ஒரு கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு சார்" என்றாள். என் காலை அவள் பார்க்கவேயில்லை. வாங்க வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரைக் கடைசியாகக் கண்டு எத்தனை வருடம் என்று எண்ணவே பயமாயிருந்தது. கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசல் வரை கூடவே வந்தாள். "ஒரு சாக்ஸாவது எடுத்துக்குங்க சார். மணி ஆறாவுது, எம் பேர்ல இன்னும் ஒண்ணும் ஏறல."

தேவையில்லாத சாக்ஸ் மூன்று ஜோடி எடுத்தேன். பில் போடும் இடத்தில் கடையின் வேறொரு விற்பனைப் பெண் என் பக்கம் நகர்ந்தபோது, இவள் சட்டென்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இவரு என் கஸ்டமரு" என்றாள். பில் போடுபவர் நிமிராததால் இன்னொரு முறையும் சொன்னாள்.