அம்புக்குறி நின்ற இடம்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது ஒன்று, வளர்த்தது ஐந்து. மற்ற நான்கும் செத்துப்போன என் அக்காவின் பிள்ளைகள். பினாங்கு சூலியா தெருவில், கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் தோசை சுட்டே எல்லாரையும் ஆளாக்கினேன். ஒருத்தர் வாசலிலும் போய் நின்றதில்லை. எதற்கும் அசையாத என்னை, நூலகத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஊர்ந்த ஒரு சின்ன அம்புக்குறி ஆட்டி வைத்தது. அது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அதை நகர்த்தியவரை நான் நூலகத்தம்மா என்றுதான் கூப்பிடுவேன். என் மகள் வயதிருக்கும். சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ், ஃபெரி என்று மாறி மாறி வேலைக்கு வருவார். வம்சம் தேடிக் கொடுக்கும் பக்கங்கள் இன்டர்நெட்டில் இருக்கின்றன, நூலகத்தில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள் என்று மகள் சொல்லித்தான் போனேன். எனக்குத் தேட ஒரே ஆள், என் வீட்டுக்காரர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகள் அப்போது வயிற்றில். "கொஞ்ச நாளுதாம்லா, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் நான் பொட்டை அழிக்கவில்லை. ஊர் என்னென்னவோ பேசியது. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

"பேரு சொல்லுங்க பாட்டி" என்றார் நூலகத்தம்மா.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததே இல்லை.

"தண்ணிமலக் கோயில்ல இருக்காரே, அந்தச் சாமி பேரு."

"அவருக்கு ஒரு பேரா பாட்டி? முருகன், வேலு, கந்தன், ஆறுமுகம்... எதத் தட்டுறது?"

"ஒவ்வொண்ணாத் தட்டு."

"தட்டுனா பினாங்குல பாதி ஆம்பளைங்க வந்து நிப்பாங்க" என்று சிரித்தார். "மகளக் கூட்டிட்டு வாங்களேன், அவங்க சொல்லட்டும்."

"தொலச்சது நானு. தேடுறதும் நாந்தான்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இருந்தால் அவருக்கு எண்பது ஆகியிருக்கும். இனி எந்த ஆயுசைக் காப்பாற்ற வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்? ஆனால் சொல்லிவிட்டால், அவர் இல்லை என்று நானே முடிவு கட்டினது போலாகிவிடுமே. மறுநாள் நூலக வாசல் வரை போய்த் திரும்பினேன். அதற்கடுத்த நாள் உள்ளே போய் நூலகத்தம்மாவின் காதோரம் குனிந்து சொன்னேன். வேறு யாரோ பேசினது போலிருந்தது.

அவர் தட்டினார். அந்த மெஷின் மெதுவாகத்தான் விழித்தது. சயாமில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள் வரிசையாக வந்தன, எந்தக் கல்லறை என்பது உட்பட. எங்கள் ஆட்களைக் காணோம். வேறு வேறு பக்கங்களில் தேடித் தேடி அவர் முகம்தான் வாடியது.

"நாமளே இவரச் சேத்துடலாம் பாட்டி. தெரிஞ்சவங்க பாத்தா எழுதுவாங்க."

பெயர், ஊர், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் ஏறியது. அப்புறம் அம்புக்குறி ஒரு கட்டத்தருகே போய் நின்றது.

"உயிரோட இருக்காரா, இல்லையான்னு கேக்குது."

"நீயா இருந்தா என்னம்மா போடுவ?"

அம்புக்குறி இப்படியும் அப்படியும் ஆடியது. எலி மாதிரி ஒன்றைப் பிடித்திருந்த அவர் கைதான் ஆடியது என்று பிறகு புரிந்தது.

"தெரியாதுன்னும் ஒண்ணு இருக்கு பாட்டி" என்றார் மெல்ல.

"இத்தன வருஷமா நான் சொல்றதும் அதத்தானே. போடு."

நூலகத்தம்மா மாற்றலாகிப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இருக்கும் தம்பி, நான் உட்காருவதற்குள் "இன்னும் யாரும் எழுதல பாட்டி" என்கிறார். எனக்கும் உட்கார முடிவதில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு நடந்துவிடுகிறேன். காலையில் பொட்டு வைக்கும்போது விரல் நெற்றிக்கு முன்னால் கொஞ்சம் நிற்கிறது, அந்த அம்புக்குறி நின்றது போல. முன்பெல்லாம் நின்றதில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி. எங்கே, முதலிலிருந்து படி கண்ணு. நூலகத்தம்மா காதோரம் சொன்னேன் என்று வருகிறதே, அங்கே தாத்தா பெயரை நான் சொல்லவில்லை. நீ சொல்லு. சத்தமாகச் சொல்லு, நான் கேட்கிறேன்.