மகளின் விழித்திரைக் கரை வரை: மனோர் பார்க்கிலிருந்து ஒரு பயணம்

சென்ற செவ்வாய்க்கிழமை நானும் கணவரும் எங்கள் மகள் ஆதிராவைத் தூக்கிக்கொண்டு நகரத்திலுள்ள கண் மருத்துவமனைக்குப் போனோம். குறைமாதக் குழந்தையோடு இதே வழியில் போகவிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ரயில் ஏறினால் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குக் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். காலை ஒன்பதரைக்குப் பிறகு கட்டணம் குறைவு. தள்ளுவண்டிக்கு லிப்ட் உண்டு.

விஷயம் இதுதான். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து வளர்ந்து, குழந்தை பிறக்கும் காலத்தில்தான் கரையைத் தொடும். ஆதிரா மூன்று மாதம் முந்திவிட்டாள், அவை பாதி வழியில் நின்றுவிட்டன. ஒட்சிசன் போதாத விழித்திரை, குழாய்களை வளரச்சொல்லும் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரந்தது. குழாய்கள் கண்டபடி கிளைத்தன. அப்படியே விட்டால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். அந்தப் புரதத்தை மட்டுப்படுத்தச் சில மாதங்களுக்கு முன் கண்ணில் ஊசி போட்டார்கள். மட்டுப்பட்டது சரி, நல்ல குழாய்கள் திரும்ப வளர்ந்தனவா? இல்லாவிட்டால் லேசர். அதைப் பார்க்கத்தான் போனோம்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டதும் ஆதிரா வீரிட்டுத் தலையைத் திருப்பினாள். மருந்து வழிந்து, புருவ ஓரத்தில் இருந்த பெரிய கறுத்த பொட்டைக் கரைத்தது.

"ஐயோ அக்கா, ஆர் இதை வைச்சது? கண்ணுக்குள்ளை போகப் பார்க்குது!" நகரின் வடக்கே உள்ள எட்மண்டனிலிருந்து வேலைக்கு வரும் தமிழ்த் தாதி பஞ்சால் துடைத்தாள்.

"இண்டைக்கு எல்லாரும் பிள்ளையின்ரை கண்ணைத்தானே உத்து உத்துப் பார்க்கப் போகினம்? நாவூறு படாதோ?" என்றார் என் கணவர்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நல்ல காலம், உள்ளே போகவில்லை.

மருத்துவர் தலையில் விளக்கை மாட்டி, இமைகளை விலக்கிப் பார்த்தார். கணவர் தாங்கமாட்டாமல் வெளியே போய்விட்டார். நான் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம்ப முடியாமல் தாதியைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா. ரெண்டு கண்ணிலையும் குழாய் கரைக்கு வந்திட்டுது. லேசர் தேவையில்லை."

கத்திவிட்டேன். வெளியே இருந்த கணவருக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும், வெளிறிப்போய் ஓடிவந்தார்.

போகிறவர்களுக்கு: மருந்து பிடிக்க ஒரு மணித்தியாலம் வரை செல்லும். பால் எப்போது கொடுக்கலாம் என்று முன்பே கேளுங்கள். பொட்டும் மையும் வேண்டவே வேண்டாம். விரிந்த கண்மணி வெளிச்சம் தாங்காது, தொப்பி கொண்டுபோங்கள்.

நாங்கள் கொண்டுபோகவில்லை. வாசலில் வெயில் முகத்தில் அடித்ததும் ஆதிரா கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி அழுதாள்.

"இஞ்சரப்பா, பிள்ளைக்கு வெளிச்சம் கூசுது!" என்று கணவர் தெருவில் நின்று சிரித்தார். நான் சால்வையால் அவளுக்கு நிழல் பிடித்தபடி அழுதேன்.