வெள்ளம் கேட்ட பிள்ளை

பிள்ளைகளுக்கு இரக்கம் வரவேண்டும் என்று நான் பிரம்பை எடுத்திருக்கிறேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

யுத்தம் தொடங்கியிருந்த காலம். உத்தமபாளையத்துக்கு மேற்கே ஒரு ஊரில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். சாணி மெழுகிய தரை, முப்பதுக்குமேல் பிள்ளைகள், மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை. அந்தப் பானைக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு பிள்ளை செம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றும். மற்றவர்கள் கை குவித்துக் குடிக்கவேண்டும். பானையை வேறு யாரும் தொடக்கூடாது. அந்த முறையும் நாலே நாலு பிள்ளைகளுக்குள்தான் சுற்றும். எந்தக் கை ஊற்றினால் ஊரில் யாரும் வாய் திறக்கமாட்டார்களோ, அந்த நாலு கைகள். ஊர்ச் சண்டை பள்ளிக்கூடத்துக்குள் வரக்கூடாது என்று நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்திருந்தேன்.

அந்த வருஷத்தின் நடுவில் ஒரு பெண்பிள்ளை வந்து சேர்ந்தாள். ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பன் மலைக்காய்ச்சலில் செத்துப்போக, ஆத்தாள்காரி அவளைக் கூட்டிக்கொண்டு குமுளி வழியாகக் கீழே இறங்கி வந்திருந்தாள். பிள்ளையின் பேச்சில் பாதி மலையாளம்.

அன்றைக்குப் பாடம், சிறகொடிந்த புறாவைப் பற்றியது. பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணுவதே இரக்கம் என்று வகுப்பே ராகம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தது. மலைப்பிள்ளை எழுந்து பானைப் பக்கம் போய்க் கையைக் குவித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரே, வெள்ளம்."

அந்த வாரத்து முறைக்காரப் பையன் துள்ளி எழுந்தான். "ஏலே, வெள்ளம் வந்துருச்சுலே! சிலேட்டத் தூக்குங்கலே!"

"அணை ஒடஞ்சு போச்சு! ஆத்தா, நான் போறேன், நான் போறேன்!" என்று இன்னொருவன் கையை வீசி நீந்தினான். பெண்பிள்ளைகள் பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடப்பதுபோல நடந்தார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று அங்கே தெரியாத பிள்ளை கிடையாது. வீட்டுக்கு ஒருவராவது மலைக்குப் போய் வந்தவர்கள்தான். தெரிந்தேதான் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கு இரண்டு அடி, கையை நீட்டச் சொல்லி. முறைக்காரப் பையனுக்கு ஆறு. பிறகு அரைமணி நேரம் பேசினேன். தகப்பன் இல்லாத பிள்ளை என்றேன். நாளைக்கு உங்களுக்கும் இந்த நிலை வரலாம் என்றேன். புறாவை இழுத்தேன், சாமியை இழுத்தேன். பிள்ளைகள் தேம்பின. நன்றாகத்தான் நடத்துகிறேன் என்று எனக்கே ஒரு நிறைவு.

முன்வரிசையில் இருந்த ஒரு பொடிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள், "டீச்சர், அந்தப் புள்ள இன்னும் தண்ணி குடிக்கலை."

"வாயை மூடு!" என்றேன். அதுதான் முதலில் வந்தது. பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

மலைப்பிள்ளை குவித்த கையோடு அங்கேயே நின்றாள். ஊற்றவேண்டியவனோ வீங்கின கையை அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். அவனால் செம்பைப் பிடிக்கமுடியாது. மற்ற மூன்று பேருக்கு அது முறை இல்லை. நான் என்ன செய்தேன்? யாரை ஊற்றச் சொல்லலாம் என்று யோசித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவள் கையை இறக்கினாள், பையை எடுத்தாள், வெளியே போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ஆத்தாள்காரி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே கிளம்பிட்ட?"

"திங்கக்கெழம மலையேறுறோம் டீச்சரம்மா. தோட்டத்துல ரெண்டு பேருக்கும் வேல இருக்காம். கங்காணி சொன்னாக."

"இது படிக்கிற பிள்ளை. அங்கே கூட்டிட்டுப் போய்க் காய் பறிக்க விடப்போறியா? காய்ச்சல் வந்தா?"

"காய்ச்சல் வந்தா அங்கன பக்கத்து லயத்துக்காரி வெள்ளம் குடுப்பா" என்றாள். "உங்க பள்ளிக்கூடத்துல அடி வாங்குன பயலுக எல்லாம் இவளாலதான அடின்னு தெருவுல கல்லெறியுறானுக. இவ வாய்க்காத் தண்ணியக் குடிச்சுட்டு வந்து நிக்கிறா."

"இவளைக் கேலி பண்ணினதுக்குத்தான் நான் எல்லாரையும் அடிச்சேன்."

"அடிச்சீக, சரி. நீங்க ஏன் ஊத்தலை?"

அங்கே ஒரு முறை வைத்திருக்கிறேன், அதை மாற்றினால் ஊரில் பேச்சு வரும் என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே அசிங்கமாகக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் சாக்கின் வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அனுப்பு. நான் ஊத்துறேன்" என்றேன்.

"நானும் வருவேன். நின்னு பாப்பேன்."

வந்தாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். நான் முறையும் பார்க்கவில்லை, மணியும் பார்க்கவில்லை. வகுப்பு உட்கார்ந்ததுமே செம்பை எடுத்து மொண்டேன். உயரத்திலிருந்து ஊற்றி எனக்குப் பழக்கமில்லை. பாதித் தண்ணீர் பிள்ளையின் முழங்கை வழியாக ஒழுகித் தரையைச் சேறாக்கியது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரம்பு மேஜைமேல்தான் கிடந்தது. எடுக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மதி" என்றாள் பிள்ளை.

எனக்குக் காதில் ஏறவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"போதுமாம் டீச்சர்" என்றான் முறைக்காரப் பையன்.

கேலி இல்லாத குரல்தான். அது இரக்கமா, என்மேல் இருந்த பயமா, எனக்கு இன்றுவரை தெரியாது. முறை இல்லாத கை பானையைத் தொட்டதென்று அன்றைக்கே இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அது வேறு சண்டை.

நான் செம்பை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். ஆத்தாள்காரியின் முகத்தில் ஒன்றும் இல்லை. சேலையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"இந்தத் திங்கக்கெழம போகலை" என்றாள். "அடுத்த திங்கக்கெழமைக்குப் பாப்போம்."