வலை இல்லாத வள்ளம்

விமானிப் பயிற்சியில் முதல் முறை தனியாக விமானம் ஓட்டி முடித்து தூத்துக்குடிக்கு வந்தபோது, தெருவில் எல்லாரும் பயமாக இருந்ததா என்று கேட்டார்கள். அப்பா மட்டும், "மேல ஞாயித்துக்கெழமயும் ஓட்டுதாவளா?" என்றார். ஓட்டுகிறார்கள் என்றேன். அந்தத் தொழில் மேலிருந்த மதிப்பே அவருக்குப் போய்விட்டது.

எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு உரியது, யாரும் மீன் பிடிக்கப் போவதில்லை. மீன் வாசல் வரை வந்து கூப்பிட்டாலும் அப்பா அன்றைக்குத் தன் வள்ளத்தை எடுக்க மாட்டார்.

ஆகாயம் போதும் என்று நான் ஒரு பாய்மரப் படகு வாங்கித் தனியாக மாலத்தீவுக்குக் கிளம்பினேன். நம் தெருவில் ஒருத்தியும் இப்படிப் போனதில்லையே என்று அம்மா புலம்பினாள். அப்பா தடுக்கவில்லை. "ஞாயித்துக்கெழம மட்டும் வந்து சேராத. கயிறு பிடிக்கக்கூட ஆள் கெடைக்காது" என்றார், அவ்வளவுதான்.

பயணத்தில் ஒரு குறையும் இல்லை. டப்பா மீன் தின்றேன் என்று தெரிந்தால் வீட்டில் சேர்ப்பார்களா என்பதுதான் என் கவலை. திரும்பும்போது நல்ல காற்று. காற்றைப் பார்த்தேனே தவிர கிழமையைப் பார்க்கவில்லை. விமானி புத்தி!

ஊருக்கு எதிரே உள்ள முயல் தீவு கண்ணில் பட்டதும் காற்று நின்றது. என்ஜினை முடுக்கினால் அதுவும் இருமிவிட்டு அடங்கியது. ஆகாயத்தில் இப்படி ஆனால் இறங்க ஒரு வயலையாவது தேடலாம். இங்கே நீரோட்டம் தீவை ஒட்டிய பவளப் பாறைகளை நோக்கி என்னை இழுத்தது. நங்கூரமும் பிடிக்கவில்லை. அம்மாவைப் போனில் பிடித்தேன்.

"ஏளா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா! அப்பா பூசையில நிக்காவ. இரு, கோயிலுக்குப் போய்ச் சொல்லுதேன்."

அப்போதுதான் கிழமை உறைத்தது. அப்பா ஆயுளில் மீறாத வழக்கம். வருவாரா? பாறை மேல் அலை வெள்ளையாக உடைவது தெரியத் தொடங்கியது. கரைப்பக்கம் ஒரு வள்ளமும் அசையவில்லை. பயந்தேன், நன்றாகவே பயந்தேன்.

கடைசியில் எங்கள் வள்ளம் வந்தது. பூசைக்கு உடுத்திய வெள்ளை வேட்டி சட்டையோடு, தெப்பமாக நனைந்து, அப்பா தனியாக நின்றிருந்தார். கயிறு வந்து விழுந்தது, கட்டினேன். பாறை பின்னால் போனதும் எனக்குக் கோபம் வந்தது.

"ஏம்ப்பா இவ்வளவு நேரம்? பாறையில மோதியிருந்தா?" என்று கத்தினேன்.

"வலய எல்லாம் கரையில எறக்கிப் போட்டுட்டுல்லா வரணும்."

மகள் பாறையில் மோதப்போகிறாள், இந்த மனுஷர் ஒற்றை ஆளாக வலை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார்! வள்ளம் துடைத்துவிட்டது மாதிரி காலியாகத்தான் இருந்தது.

"வலையோட வந்தா தொழிலுக்கு வந்த கணக்காயிரும்," என்றார் அப்பா. "நான் மவளக் கூட்டியாரதுக்குல்லா வந்தேன்."

அவ்வளவு கடலையும் தனியாகத் தாண்டி வந்தவள், கடைசிக் கொஞ்ச தூரத்தை அழுதுகொண்டே வந்தேன்.