'விடு' என்றால் பார்

பலெர்மோவில் பதினெட்டு வருடமாக எனக்கு இரண்டு வேலை. காலையில் பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் ஒரு சின்ஞோரா அம்மாவின் வீட்டில் தரை துடைப்பது. பின்னேரத்தில் பல்கலைக்கழகப் பெண்கள் லக்ரோஸ் அணியின் துணைப் பயிற்றுநர். முதலாவதைச் சொன்னால் எங்கள் சனம் தலையாட்டும். இரண்டாவதைச் சொன்னால், "அதென்ன விளையாட்டு?" என்று கேட்கும். நீண்ட தடி, நுனியில் சின்ன வலை. வலைக்குள் பந்தைத் தாலாட்டிக்கொண்டே ஓட வேண்டும், தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாமல் ஓடுவதைப் போல. பிறகு எறிய வேண்டும். அந்தப் 'பிறகு'க்குள்தான் என் பின்னேரங்கள் எல்லாம் போயின.

நான் அங்கே போனது உடைமாற்றும் அறைகளைக் கழுவ. ஒருநாள் வாளியோடு மைதான ஓரத்தால் போகையில் பந்தொன்று முகத்துக்கு நேரே வந்தது. வாளியைக் கீழே வைக்காமல் ஒற்றைக் கையால் பிடித்துத் திருப்பி எறிந்தேன். மன்னாரில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் பழகிய கை, என்னைக் கேட்காமலே எறிந்தது. பயிற்றுநர் என்னைவிடப் பத்து வயது மூத்த சிசிலியப் பெண். பயிற்றுநர் யாரானாலும் இந்த ஊரில் 'மிஸ்டர்'தான்; பெண்ணென்றாலும் பிள்ளைகளுக்கு அவர் 'மிஸ்டர்'. அவர் என் கையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"நாளைக்கு வாளி இல்லாமல் வாரும்," என்றார். பேசியது இத்தாலியன்தான், என் காதுக்குள் வரும்போது எல்லாரும் யாழ்ப்பாணத்தார் ஆகிவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து நான் 'செகொந்தா', இரண்டாவது ஆள். வீட்டில் சொன்னபோது என்னவர் சிரித்தார். "பாஸ்தாவுக்குப் பிறகு வாற இறைச்சித் தட்டையல்லோ இஞ்சை செகொந்தோ எண்டுறவை? அப்ப நீர் என்ன, கோழியோ ஆடோ?"

"மீன்," என்றேன். "மன்னார் மீன்."

இப்போது நினைத்தால் அந்த வருடங்கள் மணமாகத்தான் வருகின்றன. மழையில் ஊறிய கையுறை. ஆபிரிக்காவிலிருந்து வரும் வெப்பக் காற்று பல்லிடுக்கில் விட்டுப்போகும் மணல். இடைவேளையில் நான் உரித்துக் கொடுத்த தோடம்பழம். அறுந்த வலைகளை நான்தான் பின்னினேன். தோற்றுத் திரும்பும் பஸ்ஸில் என் தோளில்தான் கண்ணீரும் மூக்குச்சளியும். முதலாவது ஆளிடம் யாரும் அழுவதில்லை.

ஒரே ஒரு குறை. அவசரத்தில் எனக்கு இத்தாலியன் வாயில் நிற்காது. தாலாட்டினது போதும், எறி என்பதற்கு, "விடு! விடு!" என்றுதான் கத்துவேன். அவர்கள் விட மாட்டார்கள். ஓடியபடியே தலையை நிமிர்த்தி மைதானத்தை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகுதான் எறிவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்வழி கேளாத குமருகள் என்று பல்லைக் கடிப்பேன். ஆனால் பந்து போகவேண்டிய கைக்கே போகும். வருடத்துக்கு வருடம் பிள்ளைகள் மாறினார்கள். அந்த நிமிர்வு மாறவில்லை. பெரும்பாலும் வென்றோம்.

சென்ற வசந்தத்தில் மிஸ்டரின் முழங்கால் இனி முடியாது என்றுவிட்டது. "உம்மடை பேரைக் குடுத்திருக்கிறன்," என்றார் என்னிடம். "ரோமிலை ஒரு சோதனை. அதை எழுதினால் அணி உமக்கு." எனக்கு அது வேண்டும். சோதனை எந்தத் திகதி என்று உடனே கேட்டேன்.

பக்கத்தில் நின்ற அணித்தலைவி கைதட்டினாள். "வேறை ஆருக்குக் குடுக்கிறது? எங்களுக்கு முதல்லை பார்க்கப் பழக்கினது செகொந்தா தானே! எந்த நேரமும் 'விதி, விதி' எண்டு கத்துவா."

சிசிலியப் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் 'பார்' என்று அர்த்தம். என் 'விடு' பதினெட்டு வருடமாக அப்படித்தான் கேட்டிருக்கிறது. தமிழில் எழுதினால் அது விதி. அதற்குமேல் நான் என்ன எழுத?

அன்று பஸ் ஏறவில்லை. வியா மக்வேதா தெரு நெடுக நடந்தேன். நான் படிப்பிக்காத பாடத்துக்கா இந்த இடம்? சொல்லாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் இடம் போகலாம். ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினேன், மறுபடி போனேன்.

அடுத்த நாள் பயிற்சிக்கு முன்பே மிஸ்டரிடம் போனேன். "ஒண்டு கதைக்க வேணும். நான் பார் எண்டு கத்தேல்லை. எறி எண்டுதான் தமிழிலை கத்தினனான். பிள்ளையள் பிழையாய் விளங்கினதுதான்."

"ஓம், தெரியும்," என்றார் முழங்காலைத் தடவியபடி. "முதல் மாசமே தெரியும். வாய் என்ன சொன்னாலும் உம்மடை கை எறிஞ்சு காட்டிக்கொண்டெல்லோ நிண்டது."

"பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் திருத்தியிருப்பீர். வெண்டுகொண்டிருக்கிறதை ஏன் திருத்துவான்?"

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்ப எதுக்கு என்ரை பேரைக் குடுத்தனீங்கள்?"

"இந்தப் பதினெட்டு வருசத்திலை எத்தினை நாள் பயிற்சிக்கு வராமல் விட்டனீர்?"

"மூண்டு நாள்."

"பாத்தீரே. நான் எத்தினை நாள் வரேல்லை எண்டு கேளும், எனக்குத் தெரியாது." விண்ணப்பத்தை என் கையில் திணித்தார். அவர் மனதை மாற்றிவிடுவாரோ என்ற பயத்தில், நின்ற நிலையிலேயே கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் காலை சின்ஞோராவுக்குக் கோப்பி வைத்துவிட்டுக் கேட்டேன். "மூண்டு நாள் லீவு வேணும். ரோமுக்குப் போறன்."

அவர் சிலுவை அடையாளம் போட்டார். "பாப்பரசரைப் பார்க்கவோ?"

"இல்லை. சோதனை எழுத."

என்ன சோதனை என்று சொன்னேன். தடியை, வலையை, பதினெட்டு வருடத்தையும் சொன்னேன். அவர் கோப்பியைத் தள்ளி வைத்தார்.

"பின்னேரங்களிலை நீ சேர்ச்சுக்குப் போறாய் எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சன்."

"அதுக்கும் போறனான்," என்றேன்.